தோற்பதற்கும் ஓர் இடம் வேண்டும்: லெஸ்டர்ஷயர் கழகமும் வடக்கின் இளம் வீரர்களும்

2015 ஆம் ஆண்டு ஜூன் 3 ஆம் திகதி இங்கிலாந்தின் செல்ம்ஸ்போர்ட் மைதானத்தில் எசெக்ஸ் அணியை லெஸ்டர்ஷயர் தோற்கடித்தது. இரண்டாம் பிரிவின் அடிமட்டத்தில் கிடந்த ஒரு கழகத்தின் வெற்றி அது. வேறு நாட்களில் அதைப் பத்திரிகையில் நான்கு வரியில் முடித்திருப்பார்கள். அன்று அது பெரிய செய்தியானது. கவுண்டி சம்பியன்ஷிப் போட்டியொன்றில் லெஸ்டர்ஷயர் கடைசியாக வென்று 992 நாட்கள் கடந்திருந்தன. இடையில் 37 போட்டிகள். 2013 இலும் 2014 இலும் ஒரு வெற்றிகூட இல்லை.

பத்து ஆண்டுகள் கழித்து, 2025 செப்டெம்பரில், அதே கழகம் இரண்டாம் பிரிவின் சம்பியன் ஆனது. 2003 இல் கீழே இறக்கப்பட்ட பின்னர் முதற்தடவையாக முதலாம் பிரிவுக்குத் திரும்பும் தகுதியைப் பெற்றது.

இந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். அதே 2025 செப்டெம்பரின் முதலாம் திகதி, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் நிர்மாணப் பணிகளை ஆரம்பித்து வைத்தார். 40 ஆயிரம் பேர் அமரக்கூடியதாக அது அமையும் என்று அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து எமது ஊடகங்களில் ஆசனங்கள், வெளிச்சக் கோபுரங்கள், எந்த நாட்டு அணி முதலில் வரும் என்பவை பற்றியெல்லாம் நிறையவே பேசப்படுகின்றது. அங்கே ஆடப்போகும் எமது பிள்ளைகள் எங்கே, யாரால், என்ன பணத்தில் உருவாக்கப்படுவார்கள் என்பது பற்றித்தான் பேச்சைக் காணவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு ஏழைக் கழகம் எப்படிப் பதில் தேடியது என்பதைப் பார்ப்பது பயனுள்ளது என நினைக்கிறேன். கவுண்டிப் போட்டிகளை இப்போது யூடியூப்பில் இலவசமாகவே காட்டுகிறார்கள். எங்கள் நேரப்படி பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும். கடந்த சில வருடங்களாக வேலைக்கிடையே ஒரு மூலையில் லெஸ்டர்ஷயரின் ஆட்டத்தை ஓடவிட்டுப் பார்த்துவருபவன் நான்.

லெஸ்டர்ஷயர் எப்போதுமே தோற்ற கழகம் அல்ல. 1879 இல் தொடங்கப்பட்டது. 1975, 1996, 1998 ஆகிய மூன்று வருடங்களில் கவுண்டி சம்பியன். இருபது ஓவர் கிண்ணத்தை 2004, 2006, 2011 என மூன்று முறை வென்றது. டேவிட் கவரின் அழகான இடதுகைத் துடுப்பாட்டம் இந்தக் கழகத்தில்தான் தொடங்கியது. ஆனால் அதன் மைதானமான கிரேஸ் ரோட்டில் டெஸ்ட் போட்டிகள் நடப்பதில்லை. லோர்ட்ஸ், ஓவல், எட்ஜ்பஸ்டன், ட்ரென்ட் பிரிட்ஜ் போன்ற மைதானங்களைச் சொந்தமாகவோ இல்லமாகவோ கொண்ட கழகங்களுக்கு ஒரு டெஸ்ட் போட்டியில் வரும் வருமானம் இங்கே கனவு. இங்கிலாந்து கிரிக்கெட் சபை ஆண்டுதோறும் பகிர்ந்தளிக்கும் பணத்தில்தான் சிறிய கவுண்டிகளின் வயிறு நிரம்புகிறது. ஒரு கட்டத்தில் லெஸ்டர் மாநகர சபையிடம் கடன் வாங்கித்தான் இந்தக் கழகம் மூச்சு விட்டது.

பணமில்லாத கழகத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. பிறர் வேண்டாம் என்று விட்டவர்களையும் வெளிநாட்டவர்களையும் மலிவாக வாங்கலாம். அல்லது பிள்ளைகளை வளர்க்கலாம். லெஸ்டர்ஷயர் இரண்டையும் செய்து பார்த்தது.

2004 இல் தென்னாபிரிக்க சுழற்பந்துவீச்சாளர் க்ளோட் ஹெண்டர்சனை அது ஒப்பந்தம் செய்தது. கொல்பாக் என்று அழைக்கப்பட்ட ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பொன்றைப் பயன்படுத்தி, வெளிநாட்டு வீரர் என்ற கணக்கில் வராமலே கவுண்டி அணியொன்றில் சேர்ந்த முதல் வீரர் அவர்தான். அதன் பிறகு அந்தக் கதவு அகலத் திறந்தது. சில கவுண்டி அணிகளைப் பார்த்தால் தென்னாபிரிக்க மாகாண அணிகளோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு நிலைமை போனது. லெஸ்டர்ஷயரும் அந்தக் கேலிக்கு ஆளான கழகங்களில் ஒன்று. பின்னர் கிரிக்கெட் சபை, இங்கிலாந்துக்கு ஆடத் தகுதியுள்ள இளம் வீரர்களைக் களமிறக்கும் கழகங்களுக்குக் கூடுதல் கொடுப்பனவு என்று விதியை மாற்றியது. ஏழைக் கழகங்கள் பிள்ளைகள் பக்கம் திரும்பியதற்கு இலட்சியத்தை விட இந்தக் கணக்குத்தான் முக்கிய காரணம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கொள்கை வகுப்பவர்கள் பணத்தை எங்கே வைக்கிறார்களோ அங்கேதான் கழகங்களும் போகும். அந்த முதலாவது கொல்பாக் வீரரான ஹெண்டர்சன்தான் பின்னாளில் இதே கழகத்தின் கிரிக்கெட் பணிப்பாளராகி, இளம் வீரர்களை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார் என்பது சுவையான திருப்பம்.

வளர்த்த பிள்ளைகள் நின்றார்களா என்றால், இல்லை.

ஸ்டுவர்ட் புரோட் லெஸ்டர்ஷயரில் வளர்ந்தவர். 2007 பருவகாலம் முடிந்ததும் பக்கத்து மாவட்டமான நொட்டிங்காம்ஷயருக்குப் போய்விட்டார். டெஸ்டில் 604 விக்கெட்டுகள் எடுத்த பந்துவீச்சாளரை இன்று உலகம் நொட்டிங்காம்ஷயரின் பிள்ளையாகவே அறியும். ஜேம்ஸ் டெய்லரும் ஹரி கர்னியும் 2012 இல் அதே பாதையில் போனார்கள். 2014 இன் இறுதியில் ஜொஷ் கொப், நேதன் பக், கிரெக் ஸ்மித், ஷிவ் தாக்கோர் என ஒரு கூட்டமே வெளியேறியது. பிறகு சாக் சப்பலும் பென் ரெய்னும். லெஸ்டரில் இருந்து நொட்டிங்காமுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த பயணம்தான். அங்கே டெஸ்ட் மைதானம், முதலாம் பிரிவு, தேர்வாளர்களின் கண், கூடிய சம்பளம் எல்லாம் இருக்கின்றன. இருபது வயது இளைஞனைப் போகாதே என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

உதைபந்தாட்டத்தில் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. ஒரு வீரர் 12 வயதிலிருந்து 21 வயது வரை எந்தெந்தக் கழகங்களில் பயின்றாரோ அவற்றுக்குப் பயிற்சி இழப்பீடு கொடுக்கவேண்டும் என்பது பீபாவின் விதி. எங்கோ ஒரு சிற்றூர்க் கழகம், தான் வளர்த்த பையன் ஐரோப்பாவுக்குப் போனதால் மைதானம் திருத்திய கதைகளை நாம் கேள்விப்படுகிறோம். கவுண்டி கிரிக்கெட்டில் அப்படியான பெரிய மாற்றுக் கட்டணச் சந்தை இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் வீரர் பெரும்பாலும் கையை வீசிக்கொண்டு போகலாம். விதைத்தவனுக்கு அறுவடையில் பங்கு மிகக் குறைவு.

அப்படியிருந்தும் லெஸ்டர்ஷயருக்கு ஓர் அனுகூலம் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அது குறையாகவே தெரியும். அந்த அணி தோற்றுக்கொண்டே இருந்தது என்பதுதான் அந்த அனுகூலம்.

ரெஹான் அஹமட்டை எடுத்துக்கொள்வோம். நொட்டிங்காமில் பிறந்தவர், பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம். லெக் ஸ்பின் வீசுபவர். கிரிக்கெட்டில் வளர்ப்பதற்கு மிகக் கடினமான பயிர் அதுதான். பதினேழு வயது லெக் ஸ்பின்னர் ஓவருக்கு ஒரு பந்தாவது மோசமாகப் போடுவார், ஓட்டங்கள் கொட்டும், தலைவருக்கு முகம் சுருங்கும். கிண்ணத்துக்காகப் போராடும் அணியில் அவருக்கு இடமில்லை. அங்கே இரண்டாம் அணியில் ஆடி, இருபத்திரண்டு வயது வரை வரிசையில் நிற்கவேண்டும். ரெஹான் 2022 மே மாதம் லெஸ்டர்ஷயருக்காக முதல்தரப் போட்டியில் அறிமுகமானார். அந்த வருடம் லெஸ்டர்ஷயர் சம்பியன்ஷிப்பில் ஒரு போட்டியிலும் வெல்லவில்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாத அணியில் இடம் இருந்தது. செப்டெம்பரில் டெர்பிஷயருக்கு எதிராகச் சதமடித்தார். மூன்றே முதல்தரப் போட்டிகளின் அனுபவத்துடன் டிசெம்பரில் கராச்சியில் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடினார். 18 வயதும் 126 நாட்களும். இங்கிலாந்து ஆண்கள் அணியில் அவரைவிடக் குறைந்த வயதில் டெஸ்ட் ஆடியவர் எவருமில்லை. இரண்டாவது இனிங்ஸில் 48 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

ஜொஷ் ஹல் இன்னொருவர். ஆறடி ஏழு அங்குல உயரமான இடதுகை வேகப்பந்துவீச்சாளர். 2023 ஒருநாள் கிண்ண இறுதிப் போட்டியில் ஹம்ப்ஷயருக்குக் கடைசி ஓவரில் 8 ஓட்டங்கள் தேவைப்பட்டன. பந்தை 19 வயது ஹல்லின் கையில் கொடுத்தார்கள். லெஸ்டர்ஷயர் இரண்டு ஓட்டங்களால் வென்றது. அதே போட்டியில் 100 ஓட்டங்களை எட்டும் முன்னரே ஆறு விக்கெட்டுகளை இழந்திருந்த அணியை ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்துத் தூக்கி நிறுத்தியவர் ஹரி சுவிண்டெல்ஸ். லெஸ்டரிலேயே பிறந்த விக்கெட் காப்பாளர் அவர். அந்தக் கிண்ணத் தொடர், பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் 'தி ஹண்ட்ரட்' போட்டிகளுக்குப் போய்விடும் ஓகஸ்ட் மாதத்தில்தான் நடக்கிறது. பெரிய கழகங்கள் அதை எச்சில் தொடராகப் பார்க்க, சிறிய கழகங்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த வகுப்பறையாகப் பயன்படுத்தின.

ஹல்லை எமது வாசகர்கள் வேறு விதத்தில் நினைவில் வைத்திருக்கக்கூடும். 2024 செப்டெம்பரில் ஓவலில் இலங்கைக்கு எதிராக அவருக்கு டெஸ்ட் அறிமுகம். பத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்து இலங்கையை வெல்லவைத்த போட்டி அது. அந்தப் பருவகாலத்தின் சம்பியன்ஷிப்பில் ஹல் எடுத்திருந்தவை இரண்டே விக்கெட்டுகள். சராசரி 180 ஐத் தாண்டியிருந்தது. எண்களை மட்டும் பார்க்கும் எந்த நிர்வாகமும் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். கழகமும் தேர்வாளர்களும் உயரத்தையும், பந்து வரும் கோணத்தையும், இன்னும் நான்கு வருடத்தில் அவர் என்னவாகலாம் என்பதையும் பார்த்தார்கள். அது சரியான கணிப்பா என்பதற்குக் காலம் பதில் சொல்லட்டும். பெறுபேறு வரும் முன்னரே ஒரு பிள்ளையின் மீது பந்தயம் கட்டும் துணிவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

என் பார்வையில் அது நிச்சயமான ஓர் இடத்தில் இருந்து வருகிறது. இங்கிலாந்தில் முதல்தரக் கவுண்டிகள் 18. கடைசி இடத்துக்கு வந்தாலும் அந்தப் பதினெட்டில் இருந்து யாரும் வெளியே தள்ளப்படுவதில்லை. இரண்டாம் பிரிவுக்குக் கீழே படுகுழி இல்லை. 992 நாட்கள் வெல்லாத கழகமும் அடுத்த சித்திரையில் பதினான்கு போட்டிகளின் அட்டவணையோடு மைதானத்துக்கு வரலாம். அதன் பயிற்சிக்கூடம், பதினைந்து வயதினருக்கான மாவட்ட அணி, குளிர்காலத்து உள்ளரங்க வலைப் பயிற்சி எல்லாம் தொடர்ந்து நடக்கும். லெஸ்டர்ஷயரைக் காப்பாற்றியது இந்தத் தோற்கும் உரிமைதான்.

இந்த ஏற்பாட்டை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் முட்டாள்கள் அல்ல. 18 கழகங்கள் அதிகம், திறமை நீர்த்துப்போகிறது, தோல்விக்குத் தண்டனை இல்லாததால் சோம்பல் வளர்கிறது என்பது அவர்களின் வாதம். 2022 இல் அன்ட்ரூ ஸ்ட்ரோஸ் தலைமையிலான மீளாய்வு, ஆறு அணிகள் மட்டும் கொண்ட மேல் பிரிவைப் பரிந்துரைத்தது. கவுண்டிகள் அதை ஏற்கவில்லை. கழகங்களில் பெரும்பாலானவை இன்னமும் அங்கத்தவர்களுக்குச் சொந்தமானவை. மழைக்கு ஒதுங்கித் தேநீர் குடித்தபடி ஆட்டம் பார்க்கும் அந்த முதியவர்களின் வாக்கு, ஆலோசகர்களின் அறிக்கையை விடப் பாரமாக இருந்தது. சோம்பல் வளர்கிறது என்பதில் உண்மை இல்லாமலில்லை. லெஸ்டர்ஷயரின் இருண்ட வருடங்களில் நிர்வாகச் சண்டைகளும் பதவி விலகல்களும் தாராளமாகவே நடந்தன. ஆனால் 2014 இல் அந்தக் கழகத்தை மூடியிருந்தால் 2022 இல் ரெஹானுக்குக் களம் இருந்திருக்குமா என்ற கேள்விக்கு அந்த வாதக்காரர்களிடம் நல்ல பதில் இல்லை.

லெஸ்டர்ஷயரைக் கோயிலாக்கவும் நான் விரும்பவில்லை. 2025 இல் வென்ற அணி முழுவதும் மண்ணின் மைந்தர்கள் அல்ல. தலைவர் பீட்டர் ஹான்ட்ஸ்கொம்ப் அவுஸ்திரேலியர். இயன் ஹொலண்ட், டொம் ஸ்கிரிவன் ஆகியோர் ஹம்ப்ஷயரிலிருந்தும், பென் கொக்ஸ் வூஸ்டர்ஷயரிலிருந்தும், ரிஷி பட்டேல் எசெக்ஸிலிருந்தும் வந்தவர்கள். அங்கே இடம் கிடைக்காமல் இங்கே வாழ்வு கண்டவர்கள். அனுபவமுள்ள இவர்கள் தாங்கிப் பிடித்ததால்தான் ரெஹான் போன்றவர்கள் பயமின்றி ஆட முடிந்தது. அந்த வருடம் டெர்பிஷயருக்கு எதிரான ஒரே போட்டியில் ரெஹான் சதமும் அடித்து 13 விக்கெட்டுகளும் எடுத்தார். பிள்ளைகளை மட்டும் பதினொருவராக இறக்கிவிட்டால் அது வளர்ப்பு ஆகாது. 2013, 2014 இல் அதைத்தான் கண்டோம்.

அடுத்தது, யாருடைய பிள்ளைகள் என்ற கேள்வி. 1972 இல் உகண்டாவிலிருந்து இடி அமீன் ஆசியர்களை விரட்டியபோது, லெஸ்டருக்கு வரவேண்டாம் என்று அந்நகர சபை உகண்டாப் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது. அவர்கள் வந்தார்கள், கடை போட்டார்கள், நகரத்தை மாற்றினார்கள். 2021 சனத்தொகைக் கணக்கெடுப்பில் லெஸ்டர் நகரத்தவரில் சுமார் 43 வீதம் ஆசியர்கள். துரத்தப்பட்டவர்கள் என்னவாக முடியும் என்பதற்கு எமக்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் அந்த நகரத்தின் பூங்காக்களில் மாலை முழுதும் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள், சில கிலோமீற்றர் தூரத்திலுள்ள கிரேஸ் ரோட்டின் முதல் அணிக்குள் பல தசாப்தங்களாக வந்ததே அபூர்வம். ஜிகர் நாயக், ஷிவ் தாக்கோர் என்று விரல் விட்டு எண்ணலாம். இது லெஸ்டரின் குறை மட்டுமல்ல. யோர்க்ஷயரில் அசீம் ரபீக் வாய்திறந்த பின்னர் அமைக்கப்பட்ட சுயாதீன ஆணைக்குழு 2023 இல் வெளியிட்ட அறிக்கை இதைப் பச்சையாகவே சொன்னது. இங்கிலாந்தில் பொழுதுபோக்காகக் கிரிக்கெட் ஆடுபவர்களில் ஏறத்தாழ 30 வீதம் தெற்காசிய வம்சாவளியினர், தொழில்முறை வீரர்களில் அவர்கள் சுமார் 5 வீதமே. பயணச் செலவு, உபகரணச் செலவு, தனியார் பாடசாலைகளின் ஆதிக்கம், தெரிவாளரின் கண்ணில் பழகிய முகமாக இல்லாமை என்று காரணங்கள் அடுக்கடுக்காக வரும். 2022 இல் தொடங்கப்பட்ட தெற்காசிய கிரிக்கெட் அக்கடமி, கவுண்டிகள் கைவிட்ட இளைஞர்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்து மீண்டும் கவுண்டி ஒப்பந்தங்களுக்குள் அனுப்பியது. திறமை இருந்தது, வாசல்தான் இருக்கவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

2025 இல் ஹண்ட்ரட் அணிகளின் பங்குகள் விற்கப்பட்டன. சுமார் 520 மில்லியன் பவுண். ஹண்ட்ரட் அணி இல்லாத கவுண்டிகளுக்குப் பங்கீட்டில் கூடுதல் பகுதி என்பது ஏற்பாடு. லெஸ்டர்ஷயருக்கு இது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் பணம். கூரையிலும் விளக்கிலும் அதைப் போடுவார்களா, பதினைந்து வயதுப் பிள்ளையின் பஸ் கட்டணத்தில் போடுவார்களா என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதே கேள்வியோடுதான் மண்டைதீவுக்கு வருகிறேன்.

வடக்கிலோ கிழக்கிலோ தளம் கொண்ட ஒரு கழகமும் இலங்கையின் முதல்தரக் கழகத் தொடரில் இல்லை. கழகங்கள் பெரும்பாலும் கொழும்பிலும் அதைச் சூழவும் உள்ளவை. தமிழ் யூனியன் என்ற பெயர் உண்டு. 1899 இல் தொடங்கிய பெருமைக்குரிய கழகம், முரளிதரன் ஆடிய கழகம், இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி 1982 இல் நடந்த சரவணமுத்து மைதானத்தின் உரிமையாளர். ஆனால் அது கொழும்புக் கழகம். யாழ்ப்பாணம் என்ற பெயருக்கும் குறைவில்லை. லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு முறை கிண்ணம் வென்றது. அந்த அணிகளின் பதினொருவரில் வடக்குப் பிள்ளைகள் ஒருவரைத் தாண்டியது அரிது. 2022 இல் தொடங்கிய தேசிய சுப்பர் லீக்கிலும் யாழ்ப்பாணம் என்று ஓர் அணி இருந்தது. அங்கேயும் பெயர் எங்களுடையது, வீரர்கள் தெற்கின் கழகங்களில் இருந்து வந்தவர்கள்.

விஜயகாந்த் வியாஸ்காந்த் யாழ். மத்திய கல்லூரியின் பிள்ளை. 18 வயதில் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடினார், 2023 இல் இலங்கைக்காக ஆசிய விளையாட்டு விழாவில் ஆடினார், 2024 மே மாதம் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகப் பந்துவீசினார். ரெஹானைப் போலவே லெக் ஸ்பின்னர். நாம் அனைவரும் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். பரியோவான் கல்லூரியின் குகதாஸ் மாதுளன் 19 வயதுக்குட்பட்ட இலங்கை அணிக்குத் தெரிவானபோதும் அப்படியே. ஆனால் இவர்கள் ஓர் ஏற்பாட்டின் விளைவுகள் அல்லர். குடும்பம், ஒரு பாடசாலை, ஓர் அர்ப்பணிப்புள்ள பயிற்றுவிப்பாளர், கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் ஒன்றுசேர்ந்த விதிவிலக்குகள். இவர்களுக்குப் பின்னால் வந்து பத்தொன்பது வயதில் நின்றுபோனவர்களை யாரும் எண்ணுவதில்லை.

அவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும். வன்னியில் பிறந்து, 2009 இல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு முகாமுக்குள் போன பிள்ளை. நல்ல இடதுகை வேகப்பந்துவீச்சாளன். பாடசாலை மைதானத்தில் மட்டிங் விரிப்பில்தான் வளர்ந்தான். உயர்தரம் முடித்ததும் ஒரு கொழும்புக் கழகத்தில் தெரிவுக்கு அழைத்தார்கள். புற்தரையில் அவனது பந்து வேறு மாதிரி எழும்பியது. பழகிக்கொள்ள ஒரு வருடம் வேண்டும். வெள்ளவத்தையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் என்று அந்த ஒரு வருடத்துக்கு யார் கொடுப்பது? தகப்பன் இல்லை. கழகத்தில் பேசப்பட்ட மொழியும் அவனுக்குப் பாதிதான் புரிந்தது. நான்கு மாதத்தில் திரும்பி வந்தான். இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அங்கே தொழிலாளர்களின் டென்னிஸ் பந்துத் தொடர்களில் ஆடும் காணொளிகளை அனுப்புவான்.

ரெஹான் களமிறங்கிய வயதும் இவன் திரும்பி வந்த வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த வயதில் லெஸ்டரின் பிள்ளைக்கு வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில், தோற்றாலும் கலைக்கப்படாத ஒரு தொழில்முறைக் கழகம் இருந்தது. எங்கள் பாடசாலை கிரிக்கெட் பலமானது. 1904 இல் தொடங்கிய மத்தியின் கல்லூரிக்கும் பரியோவானுக்கும் இடையிலான பெரும்போருக்கு இன்றும் ஊரே திரளும். பாடசாலை மணி அடித்த மறுநாள் எதுவுமில்லை. மாவட்டக் கழகங்கள் உண்டு, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள் உண்டு, அங்கத்தவர்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து பந்து வாங்குகிறார்கள். புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் கொடுக்கும் பணம் பாடசாலைகளுக்கு வருகிறது, பார்வையாளர் அரங்காகிறது, பெயர்ப்பலகை வைக்கப்படுகிறது. பதினெட்டு வயதுக்குப் பிறகான அந்த வெறுமைக்கு யாரும் பெயர்ப்பலகை வைக்க முன்வருவதில்லை.

கட்டடம் எழுந்தால் கிரிக்கெட் தானாக வரும் என்று நம்புபவர்கள் அம்பாந்தோட்டைக்கு ஒருமுறை போய்வரலாம். 2011 உலகக் கிண்ணத்துக்காகச் சூரியவெவவில் 35 ஆயிரம் பேர் அமரும் மைதானம் கட்டப்பட்டது. வருடத்தின் பெரும்பகுதி அது வெறிச்சோடியே கிடக்கிறது. அதைச் சுற்றி ஒரு பெருங்கழகம் வளரவில்லை. யாழ். துரையப்பா விளையாட்டரங்கு இந்திய நிதியில் புனரமைக்கப்பட்டு 2016 ஜூனில் பெரும் ஆரவாரத்தோடு திறக்கப்பட்டபோதும் நாம் கைதட்டினோம். எத்தனை தொழில்முறை வீரர்களை அது தந்தது?

மண்டைதீவு வெறும் தரிசு நிலமும் அல்ல. சதுப்பு நிலத்தையும் கண்டலையும் பற்றிச் சூழலியலாளர்கள் எச்சரிக்கிறார்கள். 1990 இல் அந்தத் தீவிலும் அயலிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் அங்குள்ள கிணறுகளில் போடப்பட்டதாக உறவினர்கள் தசாப்தங்களாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களின் அகழ்வுக் கோரிக்கைக்குப் பதில் வரும் முன் கொங்கிரீட் வரக்கூடாது என்பது என் நிலைப்பாடு. மைதானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வரிசையில் எதைச் செய்வது என்பதே என் கேள்வி.

இலங்கை கிரிக்கெட் நிறுவனத்திடம் எமது மாவட்டச் சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டியது ஆசன எண்ணிக்கையை அல்ல. வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று என முதல்தரத் தொடரில் இரண்டு இடங்களை, ஐந்து வருடங்களுக்குத் தரமிறக்கம் இல்லை என்ற எழுத்துபூர்வமான உறுதியோடு கேட்கலாம். பதினொருவரில் ஐந்தாறு பேர் மாகாணத்துப் பிள்ளைகளாக இருக்கவேண்டும், மிகுதி தெற்கில் இடம் கிடைக்காத அனுபவசாலிகளாக இருக்கலாம். லெஸ்டர்ஷயருக்கு ஹொலண்ட்டும் கொக்ஸும் கிடைத்ததுபோல எமக்கும் சிங்கள, முஸ்லிம் மூத்த வீரர்கள் கிடைப்பார்கள். அவர்களோடு உடைமாற்றும் அறையைப் பகிர்வது எமது பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டுக்கு அப்பாலும் நல்லது. ஐந்து மாவட்டங்களிலும் ஒவ்வொரு புற்தரை ஆடுகளமும் அதைப் பராமரிக்கச் சம்பளம் பெறும் ஒருவரும் வேண்டும். முல்லைத்தீவுப் பிள்ளை யாழ்ப்பாணம் வந்துபோகப் பஸ் காசு வேண்டும். 40 ஆயிரம் ஆசனங்களின் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

அப்படியொரு அணி வந்தால் முதல் இரண்டு வருடம் அடிவாங்கும். இனிங்ஸ் தோல்விகள் வரும், முகநூலில் கேலி வரும், பெயரைக் கெடுக்கிறார்கள் என்று எமது பத்திகளே எழுதும். நிர்வாகத்தை மாற்று, கொழும்பிலிருந்து ஆளெடு என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசிகள் வரும். அந்த இரண்டு வருடத்துக்கான சம்பளப் பணத்தை யார் கட்டுவார்கள் என்பதை, மண்டைதீவின் அடுத்த கட்ட நிதி ஒதுக்கீட்டுக்கு முன்பே இலங்கை கிரிக்கெட் நிறுவனம் சொல்ல வேண்டும்.